ராஜா காசாபிளாங்கா: மூன்றே மூன்று ஆப்பிரிக்கக் கோப்பைக்கு இவ்வளவு புகழா?

ஆஃப்சைடு ஆறுமுகம்

ரொம்ப நாளாக மனசில் இருக்கும் கேள்வி, இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன். ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் பட்டம் வென்றவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கெய்ரோவின் அல் அஹ்லி 12, ஜமாலெக் 5, துனிஸின் எஸ்பெரான்ஸ் 4. மொராக்கோவின் காசாபிளாங்கா நகரத்துக் கால்பந்து கிளப்பான ராஜா வெறும் 3. அதே ஊர்க்காரன், பரம எதிரி விதாத்துக்கும் அதே 3. ஆனால் ரசிகர்கள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் காட்டுவது ராஜாவின் கேலரியைத்தான். அந்தப் பச்சைக் கூட்டம், புகை, கேலரி முழுக்க விரியும் படங்கள், அந்தப் பாட்டு. இது யூடியூப் ஊதிப் பெருக்கிய பேரா, இல்லை உள்ளே சரக்கு இருக்கிறதா? வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். "தேடிப் பாருங்கள் ப்ரோ" என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளவும்.

நடுக்களம்

சரக்கு இருக்கிறது ஆறுமுகம். ஆனால் கோப்பைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

1949-ஐ நினைத்துப் பாருங்கள். மொராக்கோ பிரெஞ்சுக்காரர்களின் பிடியில் இருந்த காலம். காசாபிளாங்காவில் தெர்ப் சுல்தான் என்று ஒரு பேட்டை. கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், துறைமுகக் கூலிகள், சிறு வியாபாரிகள், நெருக்கியடித்த வீடுகள். தொழிற்சங்கக்காரர்களும் சுதந்திரப் போராட்டக்காரர்களும் புழங்கிய இடம். அந்த ஆட்கள் சிலர் காபிக் கடையில் கூடிப் பேசித்தான் மார்ச் 20 அன்று ராஜாவைத் தொடங்கினார்கள். நம்பிக்கை என்று பொருள் வரும் பெயர், பச்சை நிறம். ஆனால் கிளப்பைப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல். தலைவராக இருப்பவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும் என்பது காலனி ஆட்சியின் விதி. மொராக்கோக்காரர்களுக்கு அது கிடையாது. அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அல்ஜீரியாவை பிரான்ஸ் தன் சொந்த மாகாணமாகவே வைத்திருந்ததால் அல்ஜீரியர்கள் காகிதத்தில் பிரெஞ்சுக் குடிமக்கள். ஆகவே ஹெஜ்ஜி பென் அபாஜி என்ற அல்ஜீரியரைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரி, வெள்ளைக்காரன் வாயைத் திறக்க முடியாது.

சிவப்பு வரி

வந்துவிட்டது "ராஜா ஏழைகளின் கிளப், விதாத் பணக்காரர்களின் கிளப்" கதை. இதை எத்தனை முறைதான் கேட்பது.

ஆறுமுகம், நான் விதாத் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜாவுக்கு 12 வருஷம் முன்பே, 1937-ல் தொடங்கியது விதாத். எதற்காக? துறைமுகப் பக்கத்து நீச்சல் குளங்களில் ஐரோப்பியர்கள் மட்டும் குளிக்க, மொராக்கோக்காரர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். அந்த அவமானத்துக்குப் பதிலாகத்தான் நம்மவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். முதலில் நீச்சல், வாட்டர்போலோ, பிறகுதான் கால்பந்து. பிரெஞ்சுக்காரர்களின் அணிகளை மைதானத்தில் வைத்துத் தோற்கடித்து ஊருக்கே முதுகெலும்பு கொடுத்தவர்கள் விதாத்காரர்கள். காலனி எதிர்ப்பை ராஜா மட்டும் குத்தகைக்கு எடுத்த மாதிரிப் பேசாதீர்கள்.

இன்னொன்று. ராஜாவின் அழகான ஆட்டம் என்று புகழ்கிறார்களே, அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். பெர் ஜெகோ. விதாத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், அதன் பயிற்சியாளர்.

நடுக்களம்

சிவப்பு வரி சொன்னதில் தகவல் எதுவும் தப்பில்லை. நான் விதாத்தைப் பணக்காரக் கிளப் என்று சொல்லவே இல்லை, நீங்களே சொல்லி நீங்களே கோபித்துக்கொள்கிறீர்கள்.

பெர் ஜெகோ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உண்மைப் பெயர் முகமது பின் லஹ்சன் அஃபானி. பத்திரிகையில் எழுதியவர், படித்த மனிதர். விதாத்துக்குக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார், அப்புறம் மனஸ்தாபம் வந்து வெளியேறினார். 1956-ல் நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டி எதிர்முகாமான ராஜாவுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் விதாத்தில் ஆடிய ஆட்டத்தையே இங்கேயும் ஆடச் சொல்லவில்லை. தென் அமெரிக்க பாணி, தரையோடு குட்டைப் பாஸ், ஒருவன் கொடுத்துவிட்டு ஓட மற்றவன் உடனே திருப்பிக் கொடுப்பது, எதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து களைக்க வைப்பது. இதில் ஒரு கெடுதலும் இருந்தது. அழகாக ஆடுவார்கள், கோல் போட மறந்துவிடுவார்கள்.

ஆறுமுகத்தின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1949-ல் தொடங்கிய கிளப் முதன்முதலாக லீக் பட்டம் வென்றது 1988-ல். ஆமாம், 39 வருஷம். நடுவில் சிம்மாசனக் கோப்பை எனப்படும் உள்நாட்டுக் கோப்பை 1974, 1977, 1982-ல் வந்தது, அவ்வளவுதான். அந்த 39 வருஷமும் கேலரி காலியாக இருக்கவில்லை. அஹ்லிக்கோ எஸ்பெரான்ஸுக்கோ இந்தக் கதை கிடையாது, அவர்கள் ஜெயித்துக்கொண்டே வளர்ந்தவர்கள். ராஜாவுக்குக் கூட்டம் முதலில் வந்தது, கோப்பை பிறகு வந்தது. அப்பன் காலத்தில் கோப்பை பார்க்காமலே ரசிகனாக இருந்த வீட்டில் பிள்ளையும் ரசிகன். ராஜாவின் நடுக்கள வீரர் அப்துல்மஜீத் தோல்மியைப் பார்க்கவே அந்தக் காலத்தில் ஜனம் போனது. மாஸ்ட்ரோ என்பார்கள். அதிகம் பேச மாட்டார், பேட்டி கொடுப்பது அபூர்வம். 1986 உலகக் கோப்பையில் மொராக்கோ தன் குழுவில் முதலிடம் வந்ததே, அந்த அணியின் நடுக்களத்தில் இருந்தவர். 2017-ல் இறந்தபோது ஊரே சவ ஊர்வலத்துக்குத் திரண்டது, விதாத்காரர்களும்தான்.

சிவப்பு வரி

தோல்மி விஷயத்தில் மறுபேச்சு இல்லை.

ஆனால் 1988-க்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் முழுசாகச் சொல்லுங்கள். 1996 முதல் 2001 வரை தொடர்ந்து ஆறு லீக் பட்டம். எப்படி வந்தது? 1995-ல் ஒலிம்பிக் காசாபிளாங்கா என்ற கிளப்பை ராஜாவோடு இணைத்தார்கள். 1994-ல் லீக் ஜெயித்த அணி அது, ஒட்டுமொத்தமாக ராஜாவுக்குள் வந்து விழுந்தது. மறு வருஷத்திலிருந்து ஆறு பட்டம். ஏழைகளின் கிளப்பாம்!

பெனால்டி பாண்டியன்

இணைப்பு நடந்தது உண்மை, அது உதவியதும் உண்மை. ஆனால் ஆறு வருஷம் தொடர்ந்து ஜெயிக்க இணைப்பு ஒன்று மட்டும் போதுமா சார்? உலகத்தில் எத்தனையோ கிளப்புகளை இணைத்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் நாசமாகத்தான் போயிருக்கின்றன. பயிற்சியாளராக வாஹித் ஹலில்ஹோஜிச் வந்தார், அவருக்குப் பிறகு அர்ஜென்டினாக்காரர் ஆஸ்கார் ஃபுல்லோனே வந்தார், ரெண்டு பேருமே இரும்புக் கை.

அப்புறம் என் பெயருக்கு ஏற்ற விஷயத்தை யாருமே சொல்லவில்லை. ராஜாவின் மூன்று ஆப்பிரிக்கக் கோப்பைகளும் பெனால்டியில் வந்தவை. மூன்றுமே! 1989 இறுதியில் எதிரே அல்ஜீரியாவின் எம்சி ஓரான், ஊருக்கொரு ஆட்டம். காசாபிளாங்காவில் 1-0, அங்கே 0-1, கடைசியில் ஓரானிலேயே பெனால்டியில் ஜெயித்தார்கள். பயிற்சியாளர் ரபா சாதான், அவரும் அல்ஜீரியர். முதல் தலைவரும் அல்ஜீரியர், முதல் ஆப்பிரிக்கக் கோப்பையைக் கொண்டுவந்தவரும் அல்ஜீரியர், தோற்றதும் அல்ஜீரிய அணி. இன்றைக்கு இரண்டு அரசுகளும் முகம் கொடுத்துப் பேசாத நிலையில் இதை நினைத்தால் வேடிக்கைதான். 1997-ல் கானாவின் கோல்ட்ஃபீல்ட்ஸ், அதே கதை, ஆளுக்கொரு 1-0, பெனால்டி. 1999-ல் எஸ்பெரான்ஸ். ரெண்டு ஆட்டமும் 0-0. துனிஸில், எதிரியின் கூட்டம் காது கிழியக் கத்திக்கொண்டிருக்க, கோல்கீப்பர் முஸ்தஃபா ஷாத்லி காப்பாற்றினார். அந்த ராத்திரி காசாபிளாங்காவில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

2002 இறுதியில் ஜமாலெக்கிடம் 1-0 தோல்வி. பெனால்டி வரை போகவில்லை, அதனால்தான் தோற்றார்கள் என்று ராஜாக்காரர்கள் ஜோக் அடிப்பதுண்டு.

ஆஃப்சைடு ஆறுமுகம்

பெனால்டி விஷயம் சுத்தமாகத் தெரியாது. அருமை. சரி, கேலரிக்கு வாருங்கள். நேரில் பார்த்தவர் யாராவது உண்டா?

கேலரி டிக்கெட்

நான் வேலை நிமித்தமாக அங்கே கொஞ்ச காலம் இருந்தேன், அலுவலகத்துப் பையன்கள் இழுத்துக்கொண்டு போவார்கள்.

முகமது V மைதானம் ஊருக்கு வெளியே இல்லை. மாரிஃப் என்ற பகுதியில், கடைகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் நடுவே இருக்கிறது. பால்கனியில் துணி காய்கிற வீட்டுக்கு எதிரே மைதானச் சுவர். 1955-ல் திறந்தது, ஊர்க்காரர்கள் இன்னமும் டோனோர் என்றுதான் சொல்கிறார்கள். ராஜாவுக்கும் விதாத்துக்கும் அதே ஒரு மைதானம். தெற்குக் கேலரி ராஜா ரசிகர்களுடையது, அதற்கு மகானா என்று பெயர், மேலே கடிகாரம் இருந்த பக்கம். வடக்கு விதாத்துடையது, ஃப்ரிமிஜா. மகானாவில் 2005-ல் தொடங்கிய கிரீன் பாய்ஸ் என்ற ரசிகர் குழு, அடுத்த வருஷம் வந்த ஈகிள்ஸ், அப்புறம் தெர்ப் சுல்தான் பேட்டையின் பெயரிலேயே ஒரு குழு. எதிர்ப்பக்கம் விதாத்தின் வின்னர்ஸ்.

ஆட்டம் ராத்திரி என்றால் மத்தியானமே போக வேண்டும். சிவப்பு நிறக் குட்டி டாக்ஸிகள் அந்தப் பக்கம் வரவே யோசிக்கும், பாதி தூரத்தில் இறக்கிவிட்டு நடக்கச் சொல்வார்கள். வாசலில் சூரியகாந்தி விதை பொட்டலம் விற்பார்கள், உள்ளே ரெண்டு மணி நேரம் அதைக் கொறித்துத் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் வேலை, காலுக்குக் கீழே தோல் மெத்தை மாதிரிச் சேர்ந்துவிடும். ஆட்டம் தொடங்கியதும் அதெல்லாம் நின்றுவிடும். முன்னால் கம்பி மேல் ஒருவன் ஏறி மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான், கையில் மெகாபோன். அவன்தான் கேப்போ. 90 நிமிஷமும் அவன் ஆட்டத்தைப் பார்க்க மாட்டான், நம்மைத்தான் பார்ப்பான். பாடாமல் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன், பக்கத்திலிருந்த பையன் சிரித்துக்கொண்டே கையை அமுக்கிக் கீழே இறக்கினான்.

அந்தப் பெரிய படங்கள் இருக்கிறதே, அதற்கு ஸ்பான்சர் கிடையாது. குழுக்காரர்கள் ஸ்கார்ஃப், தொப்பி விற்று, உறுப்பினர்களிடம் வசூல் செய்து, துணி வாங்கி, ராத்திரி ராத்திரியாக ஏதாவது குடோனில் வரைவார்கள். என்ன படம் என்பது விரிக்கும் நிமிஷம் வரை ரகசியம். கிளப் நிர்வாகத்திடம் காசு வாங்கினால் நிர்வாகத்தைத் திட்ட முடியாதே! ராஜா நிர்வாகம் திட்டு வாங்காத வருஷம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நடுக்களம்

அந்தப் பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுங்கள் கேலரி டிக்கெட், ஆறுமுகம் முதல் பதிவிலேயே கேட்டிருக்கிறார்.

கேலரி டிக்கெட்

ஃபி பிலாதி ழல்மூனி. 2017-ல் ஈகிள்ஸ் குழுவின் பாடகர்கள் வெளியிட்டது, 2018-ல் ஊர் உலகமெல்லாம் பரவியது. சொந்த நாட்டில் எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று தொடங்குகிறது. இதில் கோல் பற்றியோ கோப்பை பற்றியோ ஒன்றும் இல்லை. இளைஞர்களைப் போதையில் தள்ளினீர்கள், திறமையை நசுக்கினீர்கள், நாட்டுச் சொத்தை வெளியாட்களுக்குக் கொடுத்தீர்கள், இத்தனைக்கும் மேல் கேலரியில் ஒரு வாணம் கொளுத்தினால் எங்களைக் குற்றவாளி என்கிறீர்கள் என்று போகிறது. ஆயிரக்கணக்கான குரல்கள் மெதுவாக, கிட்டத்தட்ட ஒப்பாரி ராகத்தில் இதைப் பாடும்போது மொழி தெரியாவிட்டாலும் என்னவோ செய்யும்.

வேறெங்கும் வாய் திறந்து சொல்ல முடியாததை அங்கே கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்ல முடிகிறது. அதுதான் விஷயம். மொராக்கோவுக்கு வெளியிலும் போராட்டங்களில் பாடினார்கள். அல்ஜியர்ஸில் 2019-ல் ஜனங்கள் தெருவில் இறங்கியபோது பாடியதும் அந்த ஊர் கிளப்பான யுஎஸ்எம் அல்ஜர் ரசிகர்களின் கேலரிப் பாட்டைத்தானே. பாலஸ்தீனத்துக்காகவும் ராஜா ரசிகர்களிடம் தனிப் பாட்டு உண்டு.

ரெஃப்ரி விசில்

எல்லாரும் உருகி வழிகிறீர்கள், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

2016 மார்ச் 19. அல் ஹொசைமா அணியோடு ஆட்டம், ராஜா ஜெயித்த ஆட்டம். முடிந்ததும் அடித்துக்கொண்டார்கள். யாரோடு? விதாத்தோடு இல்லை. ராஜாவின் ரசிகர் குழுக்களே ஒன்றோடொன்று. உயிர்கள் போயின. அதன் பிறகு அரசு நாடு முழுக்க ரசிகர் குழுக்களுக்கே தடை போட்டது, கொடி, துணி எதையும் உள்ளே விடவில்லை, குழுக்கள் வெளிப்படையாகத் திரும்பி வர ரெண்டு வருஷம் போல ஆனது. குழுவின் பெயர் எழுதிய பெரிய துணியை எதிர்க்குழு பறித்துவிட்டால் குழுவையே கலைத்துவிட வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு துணிக்காகக் கத்தி எடுப்பதை எந்தப் பாட்டைக் காட்டி நியாயப்படுத்துவீர்கள்? செத்தவன் வீட்டிலும் அதே அநியாயம்தானே நடந்தது.

கேலரி டிக்கெட்

நியாயப்படுத்தவில்லை ரெஃப்ரி. அங்கே பையன்களிடம் இதைப் பேசினால் முகம் மாறிவிடும், பேச்சை மாற்றுவார்கள். ஆனால் தடை போட்டபோது போலீஸ் சொன்னதும் ரசிகர்கள் சொன்னதும் ஒன்றல்ல. அடிதடியைத் தடுக்க என்று வந்த தடை, நிர்வாகத்தையும் அரசையும் திட்டும் வாசகங்களையும் சேர்த்துத்தான் அள்ளிக்கொண்டு போனது. எனக்கென்னவோ ரெண்டும் உண்மை என்றுதான் படுகிறது, ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது.

பெனால்டி பாண்டியன்

கொஞ்சம் மைதானத்துக்குத் திரும்புவோமா? 2013 கிளப் உலகக் கோப்பையைச் சொல்லாமல் ராஜா இழையா!

மொராக்கோவில் நடந்தது, உள்ளூர் சாம்பியன் என்ற முறையில் ராஜாவுக்கு இடம். போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் பயிற்சியாளர் ஃபாகிரை அனுப்பிவிட்டு துனிசியாக்காரர் ஃபௌஸி பென்சர்தியைக் கூட்டிவந்தார்கள். இது தேறாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆக்லாந்து சிட்டியைக் கடைசி நிமிஷ கோலில் 2-1. மெக்ஸிகோவின் மொன்தெர்ரேயைக் கூடுதல் நேரத்தில் 2-1. அரையிறுதி மராகேஷில், எதிரே ரொனால்டினோ ஆடிய பிரேசில் கிளப் அட்லெட்டிகோ மினேரோ. ராஜாவின் யாஜூர் முதல் கோல், ரொனால்டினோ ஃப்ரீகிக்கில் சமன் செய்தார், அப்புறம் கேப்டன் முத்தவல்லி பெனால்டியில் ஒன்று, கடைசியில் மபிடே ஒன்று. 3-1. விசில் அடித்ததும் ராஜா வீரர்கள் ஓடிப்போய் ரொனால்டினோவைச் சூழ்ந்து காலிலிருந்து பூட்ஸையே கழற்றிக்கொண்டார்கள். தோற்ற மனுஷன் வெறும் சாக்ஸோடு நின்று சிரித்தார். இறுதியில் குவார்டியோலா பயிற்சியாளராக இருந்த ஜெர்மனியின் பாயர்ன் 2-0 என்று ஜெயித்தது, அதில் பேச ஒன்றுமில்லை.

பழைய ஆட்கள் இதைவிட 2000 ஜனவரியைத்தான் சொல்வார்கள். பிரேசிலில் நடந்த முதல் கிளப் உலகக் கோப்பை, ரியல் மாட்ரிட்டோடு 2-2 என்று நின்று, ஆட்டம் முடியும் நேரத்தில் ஜெரேமி போட்ட கோலில் 3-2 தோல்வி.

ஆஃப்சைடு ஆறுமுகம்

ராஜாவும் விதாத்தும் மோதிய 4-4 டெர்பி என்று ஒன்று அடிக்கடி காதில் விழுகிறதே?

பெனால்டி பாண்டியன்

2019 நவம்பர் 23. அரபு கிளப் கோப்பை. முதல் ஆட்டம் 1-1. இரண்டாவதில் விதாத் 4-1 என்று முன்னால். வடக்குக் கேலரி கொண்டாட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ரஹிமி ஒன்று, முத்தவல்லி பெனால்டியில் ஒன்று, கூடுதல் நிமிஷத்தில் காங்கோக்காரர் மலாங்கோ ஒன்று, 4-4. மொத்தம் 5-5. மொத்தம் சமன் என்றால் எதிரி நடத்தும் ஆட்டத்தில் அதிக கோல் போட்டவருக்கு வெற்றி, அந்த வெளியூர் கோல் கணக்கில் ராஜா மேலே போனது.

சிவப்பு வரி

வெளியூர் கோலாம்! ரெண்டு ஆட்டமும் அதே மைதானம், அதே புல், அதே கோல்கம்பம். தெற்குக் கேலரிக்காரன் வீட்டிலிருந்து நடந்து வருகிறான், அவன் வெளியூர். இந்த ஒரு விதியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெனால்டி பாண்டியன்

எரியட்டும் சார், நல்லதுதான் 😄

அந்த ரஹிமி பற்றி ஒன்று. சுஃபியான் ரஹிமியின் அப்பா ராஜாவில் வீரர்களின் ஜெர்ஸி, பூட்ஸ் பார்த்துக்கொண்ட பணியாளர். பையன் வளர்ந்ததே கிளப்பின் பயிற்சி மைதானத்துக்குள்தான். பந்து பொறுக்கிப் போட்ட பிள்ளை அதே சட்டையைப் போட்டு ஆடி, பிறகு அமீரகத்தின் அல் ஐன் போய், 2024-ல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஜெயித்து, அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் 8 கோலோடு முதலிடம். ராஜாவுக்கோ, அவரை விற்றால்தான் கடனை அடைக்க முடியும் என்ற நிலை. நல்ல வீரன் ஒருவன் தலைதூக்கினால் அடுத்த வருஷம் வளைகுடாவுக்கு அனுப்பிவிடுவார்கள். மகானாவில் இருப்பவர்கள் நிர்வாகத்தைத் திட்டுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா.

நடுக்களம்

ஆனாலும் 2024-ல் லீக் பட்டம், 30 ஆட்டத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல். ஜெர்மனிக்காரர் ஜின்பாவர் பயிற்சியாளர். அது 13-ஆவது பட்டம். அவர் உடனே கிளம்பிப் போய்விட்டார், அடுத்த சீசன் பழையபடி தள்ளாட்டம். ராஜா என்றால் அப்படித்தான்.

2025 ஏப்ரலில், சீரமைப்பு முடிந்து முகமது V மைதானம் டெர்பியோடு திறந்தபோது ரெண்டு பக்கத்து ரசிகர் குழுக்களுமே போகவில்லை தெரியுமா? மகானாவும் ஃப்ரிமிஜாவும் சேர்ந்து புறக்கணித்தன. புது நாற்காலி, புது விளக்கு, பாட்டு இல்லாத டெர்பி. அதிகாரிகளுக்கு அதைவிட உறைக்கிற பதில் வேறு கிடையாது.

ரெஃப்ரி விசில்

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். கத்தி இல்லாமல் செய்தது, கத்தியைவிட ஆழமாகப் போனது.

ஆஃப்சைடு ஆறுமுகம்

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. முழு ஆட்டமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் எதில் தொடங்கலாம்?

பெனால்டி பாண்டியன்

மினேரோ ஆட்டம், அப்புறம் 4-4. சுருக்கம் பார்க்காதே தம்பி, முழுசாகப் பார்.

சிவப்பு வரி

அப்படியே 2022 ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதியையும் பார்த்துவிடு. அதே மைதானம், அல் அஹ்லியை விதாத் 2-0 என்று ஜெயித்தது. பெனால்டி எல்லாம் தேவைப்படவில்லை.